இரும்பு டிரம்மில் பிடித்த மழை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நேரம் போனில் பேசிவிட்டு, கடைசியில், "நீயா இருந்தா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டாய். நான் அதற்கு, "சாப்பிட்டியா கண்ணு?" என்றேன். சாப்பிட்டேன் என்றாய், சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டு என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன். பதில் தெரியாமல் பேச்சை மாற்றவில்லை. பதில் தெரிந்ததால்தான் வாய் வரவில்லை. அதே கேள்வி பதினாறு வருடத்துக்கு முன்னால் எனக்கும் வந்தது. நான் தப்பான பதிலைச் சொல்லிக்கொண்டு, அதோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தினேன். அது உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். போனில் என்றால் பாதியில் எனக்கு அழுகை வரும், நீ "சரிம்மா, சரிம்மா" என்று என்னை அடக்கப் பார்ப்பாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது எனக்கு வசதி.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடு. உன் ஆராய்ச்சி முழுக்கத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அது எவ்வளவு கரண்டைக் கடத்துகிறது என்று அளப்பது. தண்ணீரோடு ஆல்கஹாலும் கலந்து அளக்கிறாய். (இதற்கு அரசாங்கமே சாராயம் வாங்கித் தருகிறதா என்று நான் கேட்டதற்கு நீ சிரிக்கவில்லை, அதிலிருந்தே உன் மனம் சரியில்லை என்று தெரிந்துகொண்டேன்.) உங்கள் லேபில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷினின் வடிகட்டி நான்கு மாதத்துக்கு முன்பே தீர்ந்துபோயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. உப்பில்லாத வெறும் தண்ணீர் கடத்துகிற அளவு என்று ஆரம்பத்தில் எடுத்த பழைய எண்ணையே நீ கழித்துக்கொண்டு வந்திருக்கிறாய். உப்பு நிறைய இருக்கும் கரைசலில் அது தெரியாது. துளியூண்டு உப்புப் போட்ட கரைசலில், நீ அளந்ததில் பாதி உப்பு, பாதி அந்தத் தண்ணீரின் அழுக்கு. உங்கள் புரொபசருக்குத் தெரியாது. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், வெளிநாட்டில் வேலைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். "கிராஃப்ல கோடு நேராத்தாம்மா வருது, யாருக்கும் தெரியாது" என்றாய். பிறகு, "எல்லாம் உனக்காகத்தாம்மா. எத்தன நாளைக்கு அந்தக் குளிர்ல தனியாக் கெடப்ப?" என்றாய். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நீ மூன்றாம் வகுப்பு. அவர் லைன்மேனாக வேலை பார்த்த பவர் ஹவுஸிலேயே கருணை அடிப்படையில் எனக்கு உதவியாளர் வேலை கொடுத்தார்கள். நீலகிரியில் குந்தாப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நாம் அப்படித்தான் தங்கினோம். பத்தாவது பெயிலான பொம்பளையை எங்கே போடுவது என்று யோசித்து, பேட்டரி ரூமில் போட்டார்கள். ஐம்பத்தைந்து செல்கள், மூன்று மரப் படிகளில் வரிசையாக நிற்கும். நீ வந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாய், உள்ளே விட்டதில்லை. மூக்கைப் பிடுங்குகிற ஆசிட் நெடி. முதல் மாதத்தில் என் பருத்திப் புடவைகள் எல்லாம் துவைக்கத் துவைக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தன. துணியில் பட்டது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் முக்கினால்தான் காட்டிக்கொடுக்கும். "பருத்தி வேண்டா தங்கச்சி, கம்பளி போடு. ஆசிட்டுக்குக் கம்பளின்னா கொஞ்சம் பயம்" என்று போஜண்ணன்தான் சொன்னார். அப்புறம் தினமும் பழைய கம்பளி ஸ்வெட்டரும் பாலியெஸ்டர் புடவையுமாகப் போவேன். உனக்கு அவர் போஜ மாமா. வயலில் பறித்த அவரைக்காயை ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து உன் பைக்குள் கொட்டுவாரே, அவர். பேட்டரி ரூமுக்கு அவர்தான் பொறுப்பு, நான் அவருக்குக் கீழே.

வேலை சுலபம்தான். செல்லில் இருக்கும் தண்ணீர் நாளாக நாளாகக் குறையும், ஆசிட் குறையாது. அதனால் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், அதுவும் வாலையில் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர் மட்டும். கோயமுத்தூரிலிருந்து கேனில் வரும். பிறகு ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சி, உள்ளே மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஆயிரத்து இருநூறு என்றால் செல் சௌக்கியம். எனக்குப் பொழுது போக ஒவ்வொரு செல்லுக்கும் குவார்ட்டர்ஸ் பெண்களின் பெயரை வைத்திருந்தேன். எப்போதும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிற இருபத்து மூன்றாம் செல்லுக்கு உன் அப்பாயி பெயர். சிரிக்காதே, அப்பாயிக்கே தெரியும். ஆனால் இந்த ஐம்பத்தைந்தும் எதற்கு என்பதைப் போஜண்ணன் விளையாட்டாகச் சொல்லித்தரவில்லை. வெளியே லைனில் எங்கேயாவது கம்பி அறுந்து விழுந்தால், கரண்டை உடனே துண்டிக்கிற பிரேக்கர் சுவிட்சைத் தட்டிவிடுவது இந்தப் பேட்டரிதான். பவர் ஹவுஸே இருட்டாகிவிட்டாலும் இது மட்டும் நிற்க வேண்டும். "இது படுத்துச்சுன்னா, கம்பத்து மேல ஏறி நிக்கிறவன் உசுரு யார் கையிலயும் இல்ல" என்றார். லைன்மேன் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நீ ஆறாவது படிக்கும்போது ஆடி மாதம் மலை சரிந்து ரோடு போனது நினைவிருக்கும், மூன்று வாரம் பள்ளிக்கூடம் இல்லாமல் ஆட்டம் போட்டாயே. கேன் வரவில்லை. போஜண்ணன் காலில் எலும்பு விலகி லீவில் இருந்தார். ஒரு வரிசையில் பதினொரு செல்களில் தண்ணீர் இறங்கி, தகடுகளின் தலை தெரிகிற நிலைமை. தகடு வெளியே தெரிந்தால் செல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். போஜண்ணன் ஊட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாம், என்ஜினியரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் எல்லாம் தெரிந்தவள் ஆகிவிட்டேன் அல்லவா! வெளியே மழை கொட்டுகிறது. கூரைத் தகரத்திலிருந்து வழிந்து, பின்புறம் இருந்த இரும்பு டிரம்மில் நிறைந்து நிற்கிறது. நம் மலைத் தண்ணீர் என்றால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உன் பெரியப்பா ஒவ்வொரு தடவையும் கோயமுத்தூருக்கு இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு போவார், ஊரில் அதில்தான் காப்பி போடுவார்கள். வானத்திலிருந்து நேராக இறங்கிய தண்ணீர், இதைவிடவா கோயமுத்தூர்க்காரன் வடித்துத் தரப்போகிறான் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பதினொன்றிலும் ஊற்றினேன்.

பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அந்த வரிசை மட்டும் இளைக்க ஆரம்பித்தது. ஆயிரத்து இருநூறு இருந்தது ஆயிரத்து நூற்றெண்பது ஆனது, ஆயிரத்து நூற்றெழுபது ஆனது. தொட்டால் மற்ற செல்களைவிடச் சூடு. சார்ஜ் ஏற்ற ஏற்ற, சும்மா நின்றபடியே கரைத்துக்கொண்டிருந்தன. முதல் நாள் மிதவை இறங்கியதைப் பார்த்தபோது நான் தப்பாகப் பார்த்தேன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஹைட்ரோமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நோட்டில் முந்தின வார எண்களைப் பார்த்து அப்படியே எழுதினேன். கை நடுங்கவே இல்லை, அதுதான் கொடுமை. போஜண்ணன் நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பியபோது நோட்டைப் பார்த்தார், எல்லாம் ஆயிரத்து இருநூறு. என்னை நம்பி வாரா வாரம் கீழே கையெழுத்துப் போட்டார்.

வருடாந்தரச் சோதனையில் பேட்டரியை முழுக்க இறக்கிப் பார்த்தார்கள். அந்தப் பதினொன்றும் அரை மணி நேரத்தில் படுத்துவிட்டன. நல்லவேளை, அது சோதனை. நிஜமாகக் கம்பி அறுந்த நாளாக இருந்திருந்தால் கம்பத்து மேல் நின்ற ஒருவன் இறங்கி வந்திருக்க மாட்டான். என்ஜினியர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். நோட்டில் இருந்த கையெழுத்து போஜண்ணனுடையது. அவருக்கு மெமோ கொடுத்து, மேல் அணைக்கு மாற்றிவிட்டார்கள். அதுவரை தினமும் சாயங்காலம் தன் ஊருக்குப் போய் உருளைக்கிழங்குக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர் ஆனார். காடு இரண்டு வருடம் தரிசாகக் கிடந்தது. நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் காட்டுப் பக்கம் வந்ததும் தலையை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். போஜ மாமா ஏன் வருவதில்லை என்று நீ கேட்டாய். டிரான்ஸ்பர் என்றேன். பொய் இல்லை, ஆனால் பொய்தான்.

ஏன் சொல்லவில்லை என்றால், உனக்காக. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், குவார்ட்டர்ஸ் போனால் உன் படிப்பு என்னாவது? தூங்குகிற உன் முகத்தைப் பார்த்து, "இவனுக்காகத்தானே" என்பேன், மனம் லேசாகிவிடும். நீ எனக்கு அவ்வளவு வசதியான காரணமாக இருந்தாய். ஒருநாளும் நீ என்னிடம், எனக்காகப் போஜ மாமாவை அணைக்கு அனுப்பு என்று கேட்டதில்லை. உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் நான். அதற்கு முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு நீ எட்டாவது வந்தாய். அறிவியல் கண்காட்சிக்கு என்று சமையல்கட்டு மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டு, ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, சதுர பேட்டரி, இரண்டு ஒயர், மூன்று டம்ளர். ஒன்றில் பேட்டரி ரூமிலிருந்து நான் கொண்டுவந்த வாலைத் தண்ணீர். இரண்டு ஒயரையும் அதில் விட்டாய், விளக்கு எரியவில்லை. "தண்ணில கரண்டு பாயும்னு எல்லாரும் சொல்றாங்க இல்லம்மா, சுத்தமான தண்ணில பாயவே பாயாது" என்றாய். இரண்டாவது டம்ளரில் அதே தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கினாய், பளிச்சென்று எரிந்தது. அப்புறம் நீ விளக்கினது இன்னும் என் காதில் இருக்கிறது. தண்ணீரின் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல். உப்பு உள்ளே விழுந்ததும் அதன் இரண்டு பாதியையும் பிரித்து, ஆளாளுக்குச் சுற்றி நின்றுகொள்ளும். "கல்யாண மண்டபத்துல பொண்ணச் சுத்தி ஒரு கூட்டம், மாப்பிள்ளையச் சுத்தி ஒரு கூட்டம் நிக்குமே, அப்படியா?" என்றேன். "அப்படியேதாம்மா. கூட்டத்தோட ரெண்டும் நடக்கும். அந்த நடைதான் கரண்டு" என்று குதித்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது டம்ளரில் நீ வேறொரு தண்ணீர் வைத்திருந்தாய். ஒயரை விட்டாய். விளக்கு மங்கலாக, சாம்பலுக்குள் இருக்கும் தணல் அளவுக்கு எரிந்தது. இது என்ன தண்ணீர் என்று கேட்டேன். "பவர் ஹவுஸ் பின்னால இரும்பு டிரம்மு இருக்குமே, அதுல புடிச்ச மழைத்தண்ணி" என்றாய். மழைத்தண்ணீர் சுத்தம்தானே, ஏன் எரிகிறது என்றேன். நீ எழுதுகிற சார்ட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "மேல இருந்து வரும்போது சுத்தம்தாம்மா. தண்ணி யாரத் தொட்டாலும் கொஞ்சம் எடுத்துக்கும். தகரத்தத் தொட்டா அதுல கொஞ்சம், துருவத் தொட்டா அதுல கொஞ்சம். கரைஞ்சதால கண்ணுக்குத் தெரியாது. இல்லாமப் போகாது" என்றாய். அந்த நிமிடம் வரை, கண்ணு, என் மனதில் ஒரு மூலையில், அந்தச் செல்கள் வயசாகித்தான் போயிருக்கும், என் தண்ணீரால் இல்லை என்று ஒரு சமாதானம் இருந்தது. பதிமூன்று வயதுப் பையன் ஒரு டம்ளரை வைத்து அதை அணைத்துவிட்டான். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிறேன் என்று நீ கேலி செய்தாய்.

அந்தச் சனிக்கிழமை லீவு போட்டு அணைக்குப் போனேன். பஸ் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். போஜண்ணன் காவல் அறை வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி, பையன் நல்லாருக்கானா?" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், டிரம், வேட்டி, நோட்டு, எல்லாம். "அண்ணா, தப்பு என்ற மேலதானுங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு நெனச்சேன், தெம்பு வரல்லீங்க" என்றேன். திட்டுவார், இல்லாவிட்டால் பெரிய மனது பண்ணிப் போகட்டும் விடு என்பார் என்று இரண்டுக்கும் தயாராகப் போயிருந்தேன். இரண்டும் இல்லை. "ஊத்தி எத்தன நாள் கழிச்சு உனக்குச் சந்தேகம் வந்தது?" என்று கேட்டார். பத்து நாள் என்றேன். "பத்தாம் நாளே சொல்லியிருந்தா, ஆசிட்ட எல்லாம் வடிச்சுக் கொட்டிட்டு, கழுவிட்டு, புதுசு ஊத்தியிருப்பேன். பதினொண்ணுல ஒம்பதாச்சும் பொழச்சிருக்கும்" என்றார். அப்புறம்தான் அவர் கண் கலங்கியது. "ஒம்பது செல்லு தங்கச்சி" என்றார். தன் மெமோவைப் பற்றி, காட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை என்ஜினியரிடம் எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. விசாரணை நடந்தது, இரண்டு வருட இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள், பேட்டரி ரூமிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். அந்த வருடம் உனக்குப் புது ஸ்வெட்டர் இல்லாமல் பழையதற்கே கை நீட்டிப் பின்னிக் கொடுத்தேனே, நிறம் பொருந்தவில்லை என்று கோபித்துக்கொண்டாய். அதற்குக் காரணம் அதுதான். எட்டு மாதத்தில் போஜண்ணன் திரும்பி வந்தார். என்னோடு பேசவில்லை. ஸ்டோருக்கு வருவார், சீட்டைக் கொடுப்பார், சாமானை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை, அவருக்கு அந்த உரிமை இருந்தது. அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் ஸ்டோர் வாசலில் வந்து நின்று ஹைட்ரோமீட்டரை நீட்டினார். "இருபத்திமூணாம் செல்ல வந்து பாரு. உன் மாமியா மறுபடியும் தண்ணி கேக்குறா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீயே படிச்சுச் சொல்லு" என்றார். போய்ப் பார்த்தேன். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று ஐந்து. ஐந்து குறைவு. அப்படியே சொன்னேன், அவர் அப்படியே எழுதினார். அன்றைக்கு வந்த சந்தோஷம் உனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றுகூட வரவில்லை. ரிட்டயர் ஆகும்வரை மறுபடி பேட்டரி ரூமில்தான் இருந்தேன், ஒரு எண்ணையும் மாற்றி எழுதியதில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கரைசலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் நீ சொன்னதிலேயே இருக்கிறது: உப்பு அதிகம் உள்ளதில் அந்த அழுக்கு தெரியாது என்றாய். அப்படியென்றால் அவையெல்லாம் பிழைக்கும் அல்லவா? மெஷின் கெடுவதற்கு முன்னால் அளந்ததும் பிழைக்கும். உன்னிடமும் ஒன்பது செல் இருக்கிறது, கண்ணு. ஆய்வேட்டைக் கொடுத்து, அச்சாகி, உன் எண்ணை நம்பி வேறொருவர் கீழே கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னால், அப்போது எதுவும் மிஞ்சாது. கெட்டதை மறுபடி அளக்க நான்கு மாதம் ஆகும் என்றாய். ஆகட்டுமே. வெளிநாட்டுக்காரன் காத்திருந்தால் நல்லவன், காத்திருக்காவிட்டால் வேறு ஊர் இல்லையா? உங்கள் புரொபசர் கத்துவார். கத்தட்டும், கத்தி முடித்த பிறகு வடிகட்டி வாங்கித் தருவார். அந்த மெஷினில் தண்ணீர் பிடிக்கிற மற்ற பிள்ளைகளையும் நினைத்துப் பார். அவர்களும் இன்றைக்கு எதையோ அளந்துகொண்டுதானே இருப்பார்கள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்காக என்று மட்டும் சொல்லாதே. எனக்கு இந்தக் குளிர் பிடிக்கும். பக்கத்து ஊட்டில் ஆள் இருக்கிறது, போஜண்ணன் மாதம் ஒரு தடவை அவரைக்காயோடு வருகிறார், இப்போது அவருக்கே தடி வேண்டியிருக்கிறது, ஆனாலும் வருகிறார். நான் யாருக்கும் பாரம் இல்லை, உனக்குக் காரணமாக இருக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. நீ மறுபடி அளக்கிற அந்த நான்கு மாதமும் நான் அங்கே வந்து இருக்கிறேன். உங்கள் ஊர் வெயிலை நினைத்தால் இப்போதே வேர்க்கிறது, இருந்தாலும் வருகிறேன். காலையில் சமைத்து வைத்துவிடுவேன், நீ போய் அளந்துவிட்டு வா. சாயங்காலம் வந்து எண்களைப் படித்துச் சொன்னால் நான் நோட்டில் எழுதித் தருகிறேன், என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வியாழக்கிழமை வந்து சேரும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை உங்கள் புரொபசரின் அறைக்குப் போ. கை நடுங்கும், நடுங்கட்டும், அது நல்ல கை. வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணு. எடுத்ததும் நான் "சாப்பிட்டியா கண்ணு?" என்றுதான் கேட்பேன், என் வாய்க்கு வேறு எதுவும் முதலில் வராது. நீ அதற்குப் பதில் சொல்ல வேண்டாம். "சொல்லிட்டேம்மா" என்று சொல். அப்புறம் இரண்டு பேரும் சாப்பிடலாம்.

அம்மா